உப்பு அரண்மனைக்குப் பேர் போட்ட கதை

மெஹபூப் அலிக்கு இரண்டு வேலைகள் பிரமாதமாக வரும். ஒன்று அச்சுக் கோப்பது, இன்னொன்று தூங்குவது. முதல் வேலையில் அவருக்கு மயிலாப்பூரில் நல்ல பேர் இருந்தது. இரண்டாவது வேலையின் பெருமை வீட்டோடு அடங்கியிருந்தது. 1931-ம் வருஷம் மழைக்காலத்தில் அதுவும் வெளியே வந்து, மனுஷரைப் பாடாய்ப் படுத்திவிட்டது.

கச்சேரி ரோட்டில், டிராம் மணி கேட்கும் தூரத்தில் ஒரு பழைய ஓட்டு வீடு. முன்கட்டில் ‘சின்னத்தேர்’ என்ற குழந்தைகள் மாதப் பத்திரிகையின் ஆபீஸ். பின்கட்டில் அதை அச்சடிக்கும் பிரஸ். இரண்டுக்கும் முதலாளி ஸ்ரீரங்கன். வக்கீலுக்குப் படித்தவர். கோர்ட்டுக்குப் போனால் எதிர்க்கட்சிக்காரன் சொல்வதும் நியாயமாகவே படுகிறது என்று திரும்பி வந்து, குழந்தைகளுக்குப் பத்திரிகை நடத்த ஆரம்பித்தவர். அப்படிப்பட்ட மனுஷரிடம் வேலை பார்ப்பது ஒரு சுகம்தான். சம்பளம் முன்னே பின்னே வந்தாலும் திட்டு மட்டும் வராது.

மெஹபூப் அலி அங்கே அச்சுக் கோப்பவர். எழுத்துகள் நிறைந்த மரத்தட்டின் முன்னால் காலையில் நின்றால் சாயங்காலம் வரை நின்றுகொண்டே இருப்பார். இடது கையில் ஸ்டிக் என்கிற சின்ன இரும்புச் சட்டம். வலது கை அறை அறையாகத் தாவி ஈய எழுத்துகளைப் பொறுக்கி அதில் அடுக்கும். கண் ஜன்னலுக்கு வெளியே காக்காயைப் பார்த்துக்கொண்டிருக்கும், கை அதன் பாட்டுக்குச் சரியான எழுத்தை எடுத்துக்கொண்டிருக்கும். இப்படி நாள் முழுக்க நின்ற கால் வீட்டுக்குப் போனதும் என்ன கேட்கும்? பாய்தான் கேட்கும்.

வீடு பின்சந்திலேயே. மனைவி ஜமீலுன்னிசா ராயப்பேட்டையில் பிறந்து மயிலாப்பூருக்கு வாழ்க்கைப்பட்டவள். கல்யாணம் காட்சி என்றால் திரை போட்ட வண்டியில் போவாள், வருவாள். மற்றபடி உலகம்தான் அவளைத் தேடிக்கொண்டு பின்வாசலுக்கு வரும். பட்டினப்பாக்கத்து மீன்காரி வருவாள். மதில் சுவருக்கு மேலே பக்கத்து வீட்டு ஜஹனாராவின் தலை வரும். இவர்கள் கொண்டுவந்து கொட்டும் சேதிகளை வைத்துக்கொண்டு ஜமீலுன்னிசா கதை கட்டுவாள். மகள் ஷாகிராவும் தம்பி சர்தாரும் கதை இல்லாமல் ஒரு வாய் சோறு இறக்க மாட்டார்கள். கதை நடக்கும் அதே அறையில், அதே நேரத்தில், மெஹபூப் அலி கையை மடக்கிக் கண்மேல் போட்டுக்கொண்டு படுத்திருப்பார். முதல் பாதி அவருக்கு மனப்பாடம். இரண்டாவது பாதியில் குறட்டை.

அந்தக் கதைகளில் ராணி மாதிரி ஒன்று உண்டு. வெள்ளை நிறத்தின் மேல் பைத்தியம் பிடித்த ஒரு ராஜா, கடற்கரையில் முழுக்க முழுக்க உப்பாலேயே ஏழு மாடி அரண்மனை கட்டுகிறான். ஏழாவது மாடியில் ஒரே மகள். அங்கே சட்டம் ஒன்றுதான்: ஈரம் ஆகாது. குளிக்கிறவர்கள் ஊருக்கு வெளியே போய்க் குளித்து, காய்ந்த பிறகுதான் உள்ளே வரலாம். ரசம் ஊற்றிச் சாப்பிடுகிறவன் மதிலுக்கு அந்தப் பக்கம் உட்கார வேண்டும். அழுதால் ஜெயில். வியர்த்தால் விசாரணை. ராஜா ஒருநாள் வெளியூர் போன சமயம் பார்த்து, ஊரில் உள்ள ஆடுகளெல்லாம் திரண்டு வந்து படிக்கட்டை நக்கியே தீர்த்துவிடுகின்றன. அதே நேரத்தில் வானம் கறுக்கிறது. காவல்காரர்கள் ஓடிவிடுகிறார்கள். ஏழாவது மாடியில் ராஜகுமாரி தனியாக நிற்கிறாள். கையை நீட்டுகிறாள். முதல் துளி உள்ளங்கையில் விழுகிறது.

அந்தத் துளி விழுந்ததும் மெஹபூப் அலி தூங்கிவிடுவார். ஒருநாள் தப்பியது கிடையாது.

அந்த மாதம் ஸ்ரீரங்கன் தங்கை பெண் கல்யாணத்துக்குக் கும்பகோணம் புறப்பட்டார். வண்டியில் ஒரு காலை வைத்த பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

“பாய், ரெண்டு பக்கம் காலியா கிடக்கு. கணக்குப் புதிர் எழுதறவர் காய்ச்சல்ல படுத்துண்டுட்டார். ஏதாவது போட்டு ரொப்பிடுங்கோ. புஸ்தகம் நாளைக்கு வெளியில வந்தாகணும்.”

“இன்னா போடறது சாமி?”

“உங்களுக்குத் தெரியாததா!” என்று சொல்லிவிட்டு அவர் போயே போய்விட்டார்.

வழக்கமாகக் காலி இடத்துக்குப் பூ வேலைக் கட்டைகளைப் போடுவார்கள், ‘தினமும் பல் துலக்கு’ என்று போடுவார்கள். அதெல்லாம் ஓரத்தில் இரண்டு விரல் இடத்துக்குச் சரி. இரண்டு பக்கத்துக்குப் பல் துலக்கினால் ஈறு தேய்ந்துவிடும். மெஹபூப் அலி ஸ்டிக்கைக் கையில் எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றார். எதிரே பார்த்துக் கோக்கக் காகிதம் இல்லை. காதுக்குள் ஜமீலுன்னிசாவின் குரல் மட்டும் இருந்தது. கை தானாகப் போய், ‘ஒரு ஊரில் வெள்ளை நிறத்தின் மேல் பைத்தியம் பிடித்த ஒரு ராஜா’ என்று பொறுக்க ஆரம்பித்தது.

சாயங்காலத்துக்குள் கதை ஓடி வந்து இரண்டாம் பக்கத்தின் அடிவரியில் நின்றது. முதல் துளி விழுந்தது, இடமும் முடிந்தது. அவருக்குத் தெரிந்த கதையும் அத்தோடு முடிந்தது. அளவெடுத்துத் தைத்த மாதிரி அமைந்துவிட்டதே என்று மெஹபூப் அலிக்கு ஏகப்பட்ட சந்தோஷம். கீழே ‘தொடரும்’ என்று ஒரு வார்த்தையைப் போட்டு, கோத்த பக்கங்களை ஃபாரம் என்கிற சட்டத்தில் முடுக்கி, மெஷினுக்கு அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கினார். எழுதினவர் பேர் என்று ஒன்று போட வேண்டுமே என்ற நினைப்பே அவருக்கு எழவில்லை.

ஸ்ரீரங்கன் ஊரிலிருந்து வந்து பத்திரிகையைப் பிரித்தவர் முதலில் வெலவெலத்துப் போனார்.

“பாய்! போன வருஷம்தான் உப்புக்காக நாடே அடி வாங்கித்து. இந்த வருஷம் ராஜாவோட உப்பு அரண்மனை கரையறதுன்னு போட்டிருக்கேளே! சி.ஐ.டி. வந்து வாசல்ல நிப்பான்!”

வாசலில் கூட்டம் நின்றது என்னவோ உண்மை. ஆனால் எல்லாம் முழங்கால் உயரத்து சி.ஐ.டி.கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “ராஜகுமாரி செத்துட்டாளா, உசிரோட இருக்காளா?” என்று கேட்டன. கோபாலபுரத்திலிருந்து ஒரு பெரிய மனுஷர் வந்தார். அவர் பையன் மழை வந்தால் மாடிக்குப் போய்க் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறானாம், சளி பிடித்துக் கிடக்கிறதாம். ஸ்ரீரங்கனின் சொந்தப் பெண் நீரஜா அதற்கும் மேலே போய், ராஜகுமாரி கீழே இறங்கும் வரை ரசம் சாதம் தொடமாட்டேன் என்று சத்தியாக்கிரகம் ஆரம்பித்துவிட்டாள். இரண்டே நாளில் ஸ்ரீரங்கனுக்குப் பயம் போய் உற்சாகம் பிடித்துக்கொண்டது. ‘உப்பு அரண்மனை அடுத்த இதழில் முடியும்’ என்று வாசலில் போர்டே மாட்டிவிட்டார்.

“யார் எழுதினது பாய் இது?”

“வூட்ல சொல்ற கதை சாமி.”

“பேஷ்! முடிவையும் கேட்டுண்டு வந்துடுங்கோ. இது மட்டும் கோணித்துன்னா, அத்தனை குழந்தைகளும் நம்மைப் பொய்யன்னு சொல்லும். அப்புறம் பத்திரிகையை மூடிட்டு நான் கோர்ட்டுக்குத்தான் போகணும்.”

பத்திரிகையை மூடினால் தாம் எங்கே போவது என்று மெஹபூப் அலி யோசித்துப் பார்த்தார். போக இடமில்லை. ஆனாலும் அவர் கலங்கவில்லை. கதை வைத்திருப்பவள் வீட்டில்தானே இருக்கிறாள், கேட்டால் சொல்லிவிட்டுப் போகிறாள் என்று மிட்டாய்க் கடையில் பாதுஷா வாங்கிக்கொண்டு விசிலடித்தபடி வீட்டுக்குப் போனார்.

வீட்டில் காற்று வேறு மாதிரி அடித்தது. ஜஹனாராவின் பெண் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிக்கிறவள். அவள் ‘சின்னத்தேர்’ வாங்கிவந்து கதையை உரக்கப் படிக்க, அது மதில் தாண்டி வந்து, ஆடுகள் படிக்கட்டை நக்கும் இடத்தில் ஜமீலுன்னிசாவின் கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே போட வைத்திருந்தது.

“கதைய பத்திரிகைல போட்டீங்களாமே?” என்றாள் அவள்.

“ஆமா! ஊரே அதத்தான் பேசிக்கினு கீது.”

“கீழ யாரு பேரு போட்டீங்க?”

“யாரு பேரும் போடல.”

“ஏன், நான் இன்னா செத்தா பூட்டேன்?”

மெஹபூப் அலி பாதுஷாப் பொட்டலத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். மனைவி கோபப்பட்டு அவர் பார்த்திருக்கிறார். குழம்பில் உப்பு கூடும், அவ்வளவுதான். இது அந்தக் கோபம் இல்லை.

“முடிவ மட்டும் சொல்லிடு. அடுத்த மாசத்தோட முடிஞ்சுடும்.”

“பேரு போடுவீங்களா?”

அவர் எப்படிப் போடுவார்? அவர் வீட்டில் மட்டுமல்ல, அந்தச் சந்தில் எந்த வீட்டிலும் ஆண்பிள்ளை நாலு பேர் முன்னால் பெண்டாட்டி பேரைச் சொல்லும் வழக்கமில்லை. ‘வூட்ல’ என்றால் போதும். கூப்பிட வேண்டுமானால் ‘ஷாகிரா அம்மா’ என்பார், அவளும் ‘ஷாகிரா அத்தா’ என்பாள். அப்படிப் பொத்தி வைத்திருக்கிற பேரை அச்சில் போட்டு ஊருக்கு விற்பதா?

“நீ யோசிச்சுப் பாரு புள்ள. பத்திரிகைன்னா நாளைக்குக் கிழியும். கடலைக்காரன் பொட்டலம் கட்டுவான். உன் பேரு கடற்கரை பூரா சுத்திக்கினு கிடக்கும்.”

“சுத்தட்டுமே. நான் வண்டித் திரைய விலக்கிப் பாத்த கடற்கரைய என் பேராவது எறங்கிப் பாக்கட்டும்,” என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்றைக்குப் பிள்ளைகளுக்குச் சொன்னது வேறு கதை. அதிலும் ஒரு வரியைக்கூட அவர் கேட்கும்படி சொல்லவில்லை.

மனுஷர் சும்மா இருப்பாரா? மறுநாள் மகளைத் தனியாகப் பிடித்தார். பாதுஷாவைக் காட்டி, “ராஜகுமாரி எப்படிமா எறங்கினா?” என்று குழைந்தார். ஷாகிரா நிதானமாகத் தின்று முடித்து, விரலையும் சுத்தமாகச் சப்பினாள்.

“எனக்குத் தெரியும். ஆனா சொல்லமாட்டேன், அத்தா. நீங்க ஏன் தூங்கினீங்க?”

அடுத்த இதழ் நெருங்கியதும் தாமே ஒரு முடிவைக் கட்டினார். வெள்ளைக் குதிரையில் ஒரு ராஜகுமாரன் பாய்ந்து வந்து ராஜகுமாரியைத் தூக்கிக்கொண்டு போகிறான். கோத்து, ஒரு பிரதி எடுத்து ஸ்ரீரங்கனிடம் கொடுத்தார். ஸ்ரீரங்கன் அதை மகளிடம் படித்துக் காட்டினார். நீரஜா உதட்டைப் பிதுக்கினாள்.

“படிக்கட்டே இல்லை, குதிரை எப்படி மேல ஏறும்? ஓடிவந்த குதிரைக்கு வேர்க்காதா? வேர்வை பட்டா சுவர் கரையாதா?”

மூன்று கேள்வியில் குதிரை செத்தது. ஸ்ரீரங்கன் மகள் பக்கம் நியாயம் இருப்பதை உடனே ஒப்புக்கொண்டார். மெஹபூப் அலி அந்த வரிகளைப் பிரித்து, எழுத்துகளை அதனதன் அறையில் திரும்பப் போட்டார். அந்த வேலையில்தான் அவருக்கு ஒரு விஷயம் உறைத்தது. ஊரில் உள்ள எத்தனையோ பேர் எழுதிக் கொடுத்ததை அவர் கோத்திருக்கிறார். கீழே பேர் விட்டுப்போனால் அவர்களெல்லாம் ஆபீசுக்கு வந்து மேஜையைத் தட்டுவார்கள். இவளால் வர முடியாது. அதனால்தான் தனக்குப் பேர் நினைப்பே எழாமல் போனதோ என்று நினைத்தபோது அவருக்குக் கூச்சமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அடுப்படி வாசலில் போய் நின்றார்.

“போடறேன்.”

“முழுப் பேரு?”

“முழுசா.”

ஜமீலுன்னிசா ஒரு முறம் நிறையச் சின்ன வெங்காயத்தைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

“உரிச்சிக்கினே கேளுங்க. படுக்கக் கூடாது.”

பிள்ளைகள் சோற்றுத் தட்டோடு உட்கார்ந்தன. மெஹபூப் அலி வெங்காயம் உரித்தார். முதல் துளி விழும் இடம் வந்தது. வழக்கப்படி கொட்டாவியும் வந்தது. ஷாகிரா முழங்கையால் ஓர் இடி இடித்தாள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதற்கப்புறம் உள்ள ஒவ்வொரு சொல்லும் அவருக்குப் புதுசு.

ராஜகுமாரி அந்தத் துளியை நக்கிப் பார்க்கிறாள். உப்பே இல்லை! அவள் பிறந்ததிலிருந்து உப்பில்லாத ஒன்றைத் தொட்டதேயில்லை. சிரிப்பு வந்துவிடுகிறது. மழை வலுக்கிறது. ஏழாவது மாடி கரைகிறது. அவள் விழவில்லை. தரை மெள்ள மெள்ளக் குழைந்து, அவளை ஆறாவது மாடியில் உட்கார வைக்கிறது. ஆறாவது கரைந்து ஐந்தாவதில் விடுகிறது. தூங்குகிற பிள்ளையை இடுப்பிலிருந்து பாயில் இறக்குகிற மாதிரி, அந்த அரண்மனையே மாடி மாடியாக அவளை இறக்கிக்கொண்டு வருகிறது. மழை விடும்போது அவள் கால் மணலில் நிற்கிறது. ராஜா ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறான். ஏணியைச் சாத்தச் சுவரில்லை. சொட்டச் சொட்ட நனைந்த மகள்தான் நிற்கிறாள்.

“‘அத்தா, மண்ணு இம்மாம் மெத்துனு இருக்கும்னு ஏன் என்கிட்ட சொல்லவே இல்ல?’ன்னு கேக்கறா,” என்று முடித்தாள் ஜமீலுன்னிசா. “கரைஞ்ச உப்ப மீன்காரங்க கூடை கூடையா அள்ளிக்கினு போனாங்க. அந்த வருசம் கருவாடு மலிவு.”

சர்தார் கருவாடு வேண்டுமென்று கேட்டான். மெஹபூப் அலி கண்ணைத் துடைத்தார். வெங்காயம் உரித்தால் கண்ணில் தண்ணீர் வரத்தான் செய்யும். ஆனால் முறத்தில் உரிக்க வேண்டிய வெங்காயம் எப்போதோ தீர்ந்திருந்தது. இத்தனை வருஷம் இது பக்கத்திலேயே நடந்துகொண்டிருக்க, தாம் குறட்டை விட்டுக்கொண்டு கிடந்தோமே என்று அவருக்குத் தாங்க முடியாத வருத்தமாகவும், அதைவிடப் பெரிய சந்தோஷமாகவும் இருந்தது.

மறுநாள் கதையைக் கோத்துக் கொடுத்தார். நீரஜா கேட்டுவிட்டு எழுந்து போய், ரசம் சாதம் போடச் சொன்னாள். ஸ்ரீரங்கன் குதித்துக்கொண்டு பின்கட்டுக்கே வந்துவிட்டார்.

“பாய், நாளைக்குக் காலமே அச்சேறணும். எழுதினவா பேரு?”

மெஹபூப் அலி எழுத்துத் தட்டின் பக்கம் திரும்பிக்கொண்டு, “வூட்ல…” என்று இழுத்தார். ஸ்ரீரங்கனுக்குச் சட்டென்று புரிந்தது. நல்ல மனுஷரல்லவா, வழியும் சொன்னார்.

“சங்கடப்படாதேங்கோ. ‘ஸ்ரீமதி மெஹபூப் அலி’ன்னு போட்டுடுங்கோ. இப்போ அதுதான் நாகரிகம். கௌரவமாவும் இருக்கும்.”

மெஹபூப் அலிக்குத் தலையிலிருந்து மூட்டையை இறக்கின மாதிரி இருந்தது. பேர் போட்டதாகவும் ஆச்சு, வெளியில் தெரியாததாகவும் ஆச்சு. அவளுக்கு அரபி எழுத்தில் எழுதுகிற அரபுத் தமிழ்தான் வாசிக்கத் தெரியும். இந்த எழுத்தில் என்ன போட்டாலும் ‘இதுதான் உன் பேர்’ என்றால் நம்பிவிடுவாள். மளமளவென்று கோத்தார். ஸ்டிக்கைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். ஈய எழுத்து தலைகீழாக நிற்கும், அதை அப்படியே படித்துப் பழகின கண் அவருடையது. மெஹபூப் அலி. அவருடைய பேர்தான் இருந்தது. குறட்டை விட்டவன் பேர். கதை சொன்னவளை அதில் எங்கே தேடியும் காணோம்.

ஜஹனாராவின் பெண் மதில் மேல் தலை நீட்டிப் படித்துக் காட்டிவிடுவாளே என்ற பயமும் கொஞ்சம் இருந்திருக்கலாம். ஆனால் அந்தப் பயத்துக்காக மட்டும் அவர் அடுத்ததைச் செய்யவில்லை. அத்தனை எழுத்தையும் பிரித்து அறையில் போட்டார். கதைத் தலைப்புக்கு எடுக்கிற பெரிய எழுத்துத் தட்டை இழுத்தார். யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, ஒவ்வொரு எழுத்தாக, அவசரப்படாமல் எடுத்து வைத்தார். காக்காயைப் பார்க்கவில்லை. கையையே பார்த்தார்.

மை காயாத முதல் பிரதியோடு அவர் வீட்டுக்குப் போனபோது ஜமீலுன்னிசா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு வந்து, பத்திரிகையை வாங்காமல், அவர் கையிலேயே வைத்துப் பார்த்தாள். பிள்ளைகள் இரண்டும் கழுத்தை நீட்டின.

“இதுல நான் எங்க கீறேன்?”

அவர் விரலை வைத்துக் காட்டினார். அவள் குனிந்து, அந்தப் பெரிய எழுத்துகளை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தாள்.

“இம்மாம் நீளமா!” என்றாள். பிறகு நிமிர்ந்து, “படிங்க,” என்றாள்.

மெஹபூப் அலி அவள் பேரை இதுவரை வாய்விட்டுச் சொன்னதே இல்லை. நிக்காஹ் அன்றைக்குக்கூட அந்தப் பேரைச் சொன்னது காஜிதான். அவர் ‘கபூல்’, சம்மதம் என்று தலையாட்டினதோடு சரி. பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தன. மதிலுக்கு அந்தப் பக்கம் ஜஹனாரா பாத்திரம் துலக்கும் சத்தம்கூட நின்றிருந்தது. அவர் விரலை எழுத்தின் மேல் நகர்த்திக்கொண்டே, புதுசாகப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிள்ளை மாதிரி சத்தமாகப் படித்தார்.

“ஜமீலுன்னிசா.”

அவள் தன்னைக் கூப்பிடுகிறார் என்றே நினைத்துவிட்டாள்.

“இன்னாங்க?” என்றாள்.